நார்னியா கதையில் வரும் டர்க்கிஷ் டிலைட்: எதை வாங்கலாம், எப்போது வீட்டிலேயே கிளறலாம்?

சி.எஸ். லூயிஸ் எழுதி 1950-ல் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' நாவலில் இந்த மிட்டாய் வருகிறது. நார்னியா என்ற மாய நாட்டின் பனிக்காட்டில் நடுங்கி நிற்கும் எட்மண்ட் என்ற சிறுவனிடம், சாப்பிட என்ன வேண்டும் என்று வெள்ளைச் சூனியக்காரி கேட்கிறாள். அவன் டர்க்கிஷ் டிலைட் என்கிறான். அவள் குப்பியிலிருந்து ஒரு சொட்டு பனியில் விழ, பச்சைப் பட்டு நாடா கட்டிய வட்டப் பெட்டி ஒன்று அங்கே தோன்றுகிறது. அதற்குள் பல பவுண்டு மிட்டாய். அந்தப் பெட்டிக்காக அவன் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கத் தயாராகிறான். இதைப் படித்த பிள்ளை அடுத்து கேட்பது ஒன்றுதான்: "அப்படி ஒரு மிட்டாய் நிஜமாவே இருக்கா? எனக்கும் வேணும்."

இருக்கிறது. துருக்கியில் அதன் பெயர் லொக்கும். இஸ்தான்புல்லின் பாஹ்செகாப்பியில் ஹாஜி பெகிர் 1777-ல் தொடங்கிய கடை அதே குடும்பப் பெயரில் இன்றும் லொக்கும் விற்கிறது. 'தொண்டைக்கு இதம்' என்று பொருள்படும் 'ராஹத் அல்-ஹுல்கூம்' என்ற அரபுச் சொற்றொடர் தேய்ந்துதான் லொக்கும் ஆனது. அரபு நாடுகளில் அதையே ராஹா என்றும் ஹல்கூம் என்றும் சொல்கிறார்கள். கிரேக்கத்திலும் சைப்ரஸிலும் லுக்குமி, ருமேனியாவில் ராஹத். மந்திரத்தைக் கழித்துவிட்டால் மிட்டாய் முழுக்க நிஜம்.

அதன் பிறகுதான் குழப்பம் வருகிறது. டர்க்கிஷ் டிலைட் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பண்டங்கள் விற்கின்றன. சாக்லேட் பூசிய பார் ஒன்று, ஜெலட்டின் போட்ட ஜெல்லி ஒன்று, மாச்சத்தில் கிளறிய அசல் ஒன்று. எதையோ வாங்கி, பிள்ளை ஒரு கடி கடித்து முகம் சுளித்து, "இதுக்கா அவன் அப்படிப் பண்ணான்?" என்று கேட்கும் வீடுகள் நிறைய. பெரும்பாலும் அது மிட்டாயின் குற்றம் அல்ல. தவறான வகையையோ பழைய பெட்டியையோ வாங்கியதால் வந்த வினை.

## எதை வைத்து முடிவெடுப்பது

கதைக்கு எவ்வளவு நெருக்கம். நாவலில் இந்த மிட்டாயைப் பற்றி இருப்பது மிகக் குறைவு. ஒவ்வொரு துண்டும் நடுப்பகுதி வரை இனிப்பாகவும் லேசாகவும் இருந்தது. சாப்பிட்டு முடித்தபோது எட்மண்டின் வாயும் விரல்களும் பிசுபிசுத்தன. இவ்வளவுதான். ரோஜா வாசனை என்றோ சிவப்பு நிறம் என்றோ நாவல் சொல்லவில்லை. ரோஜா என்பது இங்கிலாந்தில் இந்த மிட்டாய்க்கு வழக்கமாக இருந்த சுவை. அதனால் எல்லாரும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே நாம் தேட வேண்டியது நடுவிலும் இறுகாத, புதிதாகச் செய்த, விரலில் லேசாக ஒட்டும் துண்டு.

அசலுக்கு எவ்வளவு நெருக்கம். சர்க்கரை, மாச்சத்து, தண்ணீர், கொஞ்சம் புளிப்பு. இந்த நான்கையும் நீண்ட நேரம் கிளறியதுதான் லொக்கும். வாசனையும் பருப்பும் அப்புறம் சேர்பவை.

சைவமா. மாச்சத்தில் செய்ததில் ஜெலட்டின் இல்லை. ஜெலட்டின் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. இதற்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது சிவப்பு நிறம். பொட்டலத்தில் இ120 என்று இருந்தால் அது கார்மைன். பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். மாச்சத்து லொக்கும் என்று நம்பி வாங்கும் சைவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

நம் வெயிலும் ஈரக்காற்றும். துருக்கியிலும் இங்கிலாந்திலும் மேசைமேல் திறந்து வைத்தாலும் கெடாத பண்டம், சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரே நாளில் வியர்த்துவிடும்.

வெளியே தெரியாத செலவு. தபால் கட்டணம், ஒரு தடவைக்காக வாங்கும் தெர்மாமீட்டர், ஒரு மணி நேர கேஸ், வீணாகும் முதல் ஈடு.

இவற்றில் முதல் இரண்டையும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். 1940-களின் ஆங்கிலச் சிறுவன் கனவு கண்ட மிட்டாய் வேறு, இஸ்தான்புல்காரர் காபியோடு சாப்பிடும் மிட்டாய் வேறு. பிள்ளைக்குக் கதையைத் தொட வேண்டுமா, உங்களுக்கு அசலை ருசிக்க வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1942 ஜூலை முதல் மிட்டாய்க்கு ரேஷன். 1949-ல் சில மாதங்கள் மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1953 பிப்ரவரியில்தான் முழுதாக முடிந்தது. அதாவது இந்த நாவல் வெளியான அன்று, அதை வாங்கிப் படித்த பிள்ளைகளுக்கு மிட்டாய் அளந்துதான் கிடைத்தது. ஒரு பெட்டி நிறைய மிட்டாய் என்று படிக்கும்போதே அவர்களுக்கு நாக்கில் நீர் ஊறியிருக்கும். அந்த ஏக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ஏமாற்றம் குறையும்.

## ஒரே பார்வையில்

| வழி | கதைக்கு நெருக்கம் | அசலுக்கு நெருக்கம் | சைவம் | வெயில் தாங்குமா | தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| துருக்கியிலோ வளைகுடாவிலோ எடைக்கு வாங்கியது | நல்ல நெருக்கம் | முழுமை | பெரும்பாலும்; சாயம் பார்க்கவும் | மூடி வைத்தால் தாங்கும் | வரும் ஆளுக்காகக் காத்திருப்பது |
| இறக்குமதிப் பெட்டி | தேதியைப் பொறுத்தது | நல்ல நெருக்கம் | பொட்டலத்தைப் படிக்கவும் | தாங்கும் | தபால், பழைய சரக்கு |
| சாக்லேட் பூசிய பார் | குறைவு | மிகக் குறைவு | பொட்டலத்தைப் படிக்கவும் | உருகும் | பிள்ளையின் ஏமாற்றம் |
| வீட்டில் மாச்சத்தில் கிளறியது | மிக நெருக்கம் | நல்ல நெருக்கம் | ஆம் | ஒரு வாரம் | 2 மணி நேரம், கை வலி |
| வீட்டில் ஜெலட்டினில் செய்தது | சுமார் | குறைவு | இல்லை | தாங்காது | ஃப்ரிட்ஜை விட்டு எடுக்க முடியாது |
| பம்பாய் அல்வா | சுமார் | சொந்தக்கார இனிப்பு | ஆம் | நன்றாகத் தாங்கும் | ஒன்றுமில்லை |

## ஊரிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்குவது

யாராவது இஸ்தான்புல் போகிறார்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். பாஹ்செகாப்பி கடை எமினோனு படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிஸிர் சார்ஷிசி என்ற மசாலாச் சந்தையும் அங்கேயேதான். சந்தையில் மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் திறந்து கிடப்பதன் மேல்தோல் காய்ந்திருக்கும். கேட்டால் சுவைக்க ஒரு துண்டு தருவார்கள். விரலால் அழுத்தினால் மெல்ல மேலெழ வேண்டும். கத்தி இறங்கும்போது லேசாக இழுபட வேண்டும். விரிசல் விட்டு உடைந்தால் பழசு. மென்றபின் பல்லில் அப்பிக்கொண்டால் பதம் தவறியது.

கதைக்காக வாங்குவதானால் ரோஜா போட்ட குல்லு, அல்லது எதுவும் போடாத சாதா வகை போதும். பெரியவர்களுக்கு என்றால் பிஸ்தா போட்ட 'சிஃப்தே கவ்ருல்முஷ்' வாங்கச் சொல்லுங்கள். இது கூடுதலாகக் கிளறி இறுக்கிய வகை, சின்னத் துண்டாக இருக்கும், பயணத்தையும் நன்றாகத் தாங்கும். அஃப்யோன் பக்கத்துக் கைமாக் லொக்கும் எருமைப் பாலேடு வைத்தது. அங்கேயே சாப்பிட அருமை. பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டாம், பாலேடு கெட்டுவிடும்.

இஸ்தான்புல் போகிறவர் நம் வீடுகளில் எத்தனை பேர்? துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் இருப்பவர் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. அங்குள்ள சிரியா, லெபனான், துருக்கி இனிப்புக் கடைகளில் 'ராஹா' என்று கேட்டாலே கிடைக்கும். லெபனான்காரர்கள் இதை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்து அழுத்திச் சாப்பிடுவார்கள். மாரி பிஸ்கட்டோடு அப்படிக் கொடுத்துப் பாருங்கள், தனியாகத் தின்ன மறுக்கும் குழந்தைகூட அதைச் சாப்பிடும். விடுமுறைக்கு வருபவரிடம் சொல்லும்போது கால் கிலோ போதும் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ வந்தால் பாதி இறுகித்தான் தீரும்.

இது சிறந்தது எப்போது: வருபவர் ஒரு மாதத்துக்குள் வருகிறார், உங்களுக்கு அசல் ருசி வேண்டும்.

## இறக்குமதிப் பெட்டி

பெரிய ஊர்களில் வெளிநாட்டுப் பண்டம் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அட்டைப் பெட்டிக்குள் மெல்லிய உறை, அதற்குள் சர்க்கரைப் பொடியில் புரண்ட கட்டங்கள். ஆங்கிலப் பிள்ளைகள் இந்த மிட்டாயைக் கண்டதும் இப்படியான பெட்டியில்தான். அதனால் பெட்டியைத் திறக்கும் கணம், அந்த வெள்ளைப் பொடி பறப்பது, எல்லாம் கதைக்குப் பொருத்தமாக இருக்கும்.

சிக்கல் ஒன்றே ஒன்று: வயது. காலாவதித் தேதி தள்ளி இருப்பதால் கடைக்காரர் கவலைப்படுவதில்லை. ஆனால் கெடாமல் இருப்பது வேறு, மெத்தென்று இருப்பது வேறு. மாச்சத்துக் களி நாள்பட நாள்பட நீரை விட்டு இறுகும். பழைய சோற்றுப் பருக்கை விறைப்பது போலத்தான். காலாவதித் தேதியை விட்டுவிட்டு, தயாரித்த தேதியைப் பாருங்கள். தயாரித்து நான்கைந்து மாதத்துக்குள் இருந்தால் வாங்கலாம். இணையத்தில் வாங்கும்போது இந்தத் தேதி தெரியாது, கேட்டு வாங்குங்கள். பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

அடுத்து உட்பொருள் பட்டியல். மாச்சத்து, அதாவது ஸ்டார்ச், இருக்க வேண்டும். ஜெலட்டின் இருந்தால் அது அசல் முறை அல்ல. சிவப்புத் துண்டு இருந்தால் இ120 இருக்கிறதா என்று தேடுங்கள். பிஸ்தா, ஹேசல்நட் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பல சுவை கலந்த பெட்டி கூடாது. ஒரு துண்டின் பொடி மற்றொன்றில் படும். பருப்பில்லாத துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தாலும் ஆபத்துதான்.

இது சிறந்தது எப்போது: பிறந்தநாள் பரிசாகப் பெட்டியாகவே கொடுக்க வேண்டும், தேதியைச் சரிபார்க்க முடிகிறது.

## சாக்லேட் பூசிய பார்

ஃப்ரைஸ் நிறுவனம் 1914-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்த பண்டம் இது. ரோஜா வாசனையுள்ள சிவப்பு ஜெல்லி, மேலே பால் சாக்லேட். எட்மண்டின் காலத்திலேயே இருந்ததுதான். பலருக்கு இது மிகவும் பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் நாவலில் வருவது பெட்டி நிறைய உள்ள துண்டுகள். சாக்லேட் பற்றி ஒரு சொல் கிடையாது. பிள்ளைக்கு முதல் தடவையாக இதைக் கொடுத்தால், சாக்லேட்டின் ருசிதான் மனதில் நிற்கும். ஊரைப் பொறுத்து இதே பெயரில் விற்கும் பார்களின் செய்முறையும் மாறுகிறது. சிலவற்றில் ஜெலட்டின் உண்டு. நம் வெயிலில் கடையிலிருந்து வீடு வருவதற்குள் மேல்பூச்சு உருகிவிடும்.

இந்தத் தேவைக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

## வீட்டில் மாச்சத்தில் கிளறுவது

கதைக்கு மிக நெருங்கி வருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். காரணம் எளிது: நேற்று செய்த துண்டை இன்று சாப்பிடுகிறீர்கள். நடுவரை மெத்தென்று இருப்பதெல்லாம் முதல் மூன்று நாள்தான். தீபாவளிக்கு அல்வா கிளறிய கை என்றால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

36 துண்டுகளுக்கு:

- சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 180 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்
- கார்ன் ஃப்ளார் 60 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் அரை டீஸ்பூன், குளிர்ந்த தண்ணீர் 330 மி.லி.
- சமையலுக்கான ரோஜா நீர் 1 டேபிள்ஸ்பூன், அல்லது ரோஸ் எசன்ஸ் 3 சொட்டு
- புரட்ட: ஐசிங் சுகர் 60 கிராம், கார்ன் ஃப்ளார் 20 கிராம்

கார்ன் ஃப்ளார் என்றால் விரலில் தேய்த்தால் கிறீச்சிடும் வெள்ளை மாவு. மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவை எடுத்தால் உப்புமாதான் வரும். ரோஜா நீர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீரும், முகத்துக்குப் பூச விற்கும் ரோஸ் வாட்டரும் சாப்பிடுவதற்கு அல்ல. உணவுக்கு என்று போட்டிருப்பதையே எடுங்கள். க்ரீம் ஆஃப் டார்ட்டர் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் மாவுக் கரைசலில் இன்னும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடலாம், அதற்கு மேல் கூடாது.

16 செ.மீ. சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, வாசனையில்லாத எண்ணெயை மெலிதாகத் தடவி முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ரோஜாவைக் கொன்றுவிடும்.

சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் அடுப்பில் வைத்து, சர்க்கரை முழுதும் கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தபின் கரண்டி போடாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே நிற்கும் ஒரு பரல், முழுப் பாகையும் பூக்க வைத்துவிடும். 115 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? அதிரசப் பாகுக்குப் பார்க்கிற அதே சோதனை: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். இந்தச் சூட்டில் பாகு மேலே பட்டால் தோல் வெந்துவிடும். பிள்ளையை இந்தக் கட்டத்தில் அடுப்படியில் நிறுத்த வேண்டாம். வெட்டுவதும் பொடியில் புரட்டுவதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

வேறொரு அடிகனமான பாத்திரத்தில் கார்ன் ஃப்ளாரையும் க்ரீம் ஆஃப் டார்ட்டரையும் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நடுத்தணலில் துடுப்பால் கிளறுங்கள். பால்போல் இருந்தது ஒரு கட்டத்தில் சட்டென்று போஸ்டர் ஒட்டும் பசைபோல் ஆகும். அடுப்பைக் குறைத்து, பாகை ஐந்தாறு தடவையாக ஊற்றி ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் பசை கட்டி கட்டியாகப் பாகில் மிதக்கும். அதைத் திரும்பச் சேர்க்க முடியாது.

இனி பொறுமைதான். சிறு தணலில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அடிவரை துழாவ வேண்டும். முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்காதது போல் இருக்கும், பயப்படாதீர்கள். அப்புறம் வெள்ளை மங்கி, கண்ணாடித்தன்மை வரும். பிறகு வைக்கோல் நிறம். குமிழ்கள் சின்னதாக வெடித்துக்கொண்டிருந்தவை, பெரிதாகி மெதுவாக 'ப்ளக்' என்று உடையும். துடுப்பைத் தூக்கினால் அகலமான நாடாபோல் விழுந்து, விழுந்த இடத்தில் சிறிது நேரம் மடிப்பாக நிற்கும். குளிர்ந்த தட்டில் ஒரு துளி வைத்து, ஆறியதும் தொட்டால் விரலில் ஒட்டாமல் எழும்ப வேண்டும். அதுதான் பதம்.

அடுப்பை அணைத்து ரோஜா நீரை விட்டுக் கலக்கி, தட்டில் ஊற்றுங்கள். கொதிக்கும்போது விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். நிறம் வேண்டுமானால் ஒரு சொட்டு பீட்ரூட் சாறு போதும்.

அறை வெப்பத்தில் 12 முதல் 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அடுத்த நாள் புரட்டும் பொடியைப் பலகையில் பரப்பி, அதன்மேல் கவிழ்த்து, எண்ணெய் தொட்ட கத்தியால் நேராக அழுத்தி வெட்டுங்கள். முன்பின் இழுத்து அறுத்தால் ஓரம் பிய்யும். இரண்டரை செ.மீ. கட்டங்கள். வெட்டின பக்கங்கள் எல்லாம் பொடியில் புரள வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் விசிறிக்காற்றில் காயவிட்டு, மிச்சப் பொடியையும் தூவி டப்பாவில் அடுக்குங்கள்.

எங்கே தவறும், ஏன்:

அடுத்த நாளும் உறையவில்லை, ஆனால் எலுமிச்சை அளவு சரிதான் என்றால் கிளறியது போதவில்லை. மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுத் திரும்ப அடுப்பில் ஏற்றி இன்னும் 20 நிமிடம் கிளறலாம், காப்பாற்றிவிடலாம். எலுமிச்சை அதிகம் விட்டிருந்தால் புளிப்பு மாச்சத்தை உடைத்துவிட்டது. எவ்வளவு கிளறினாலும் இறுகாது. அதை பாலில் கரைத்து ரோஸ் மில்க்காகக் குடித்துவிடலாம். எலுமிச்சையே விடவில்லை என்றால் நேர் எதிர்: கடிக்கும்போது மணல் மணலாகச் சர்க்கரை பூக்கும். புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்து, திரும்பப் பரலாகக் கூடவிடாமல் தடுக்கிறது. அதற்காகத்தான் அந்த ஒரு டீஸ்பூன்.

மேலே நீர் கோத்து, பொடி கரைந்து கஞ்சியாகிவிட்டதா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்திருப்பீர்கள், அல்லது சூடு முழுதாக ஆறுமுன் மூடியிருப்பீர்கள். துடைத்து, காயவிட்டு, மீண்டும் பொடியில் புரட்டுங்கள். பச்சை மாவு வாடை வந்தால் பாகு ஊற்றுமுன் மாவு சரியாக வேகவில்லை. ரப்பர்போல் இழுத்தால் அதிகம் கிளறிவிட்டீர்கள். அடுத்த தடவை பத்து நிமிடம் குறைக்கவும்.

சாமான் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும். ரோஜா நீர் பாட்டில்தான் விலை, அதுவும் பல தடவை வரும். உண்மையான செலவு உங்கள் தோள்பட்டை. அளவை இரட்டிப்பாக்கலாம் என்று முதல் தடவையே நினைக்காதீர்கள். இரட்டை அளவைக் கையால் அடிவரை துழாவ முடியாது, அடிப்பிடிக்கும்.

துருக்கி ருசிக்குப் போக ஆசைப்பட்டால் ரோஜாவுக்குப் பதில் மஸ்தகி. கியோஸ் தீவின் மரப்பிசின் அது. வெளிநாட்டுக் கடை தேட வேண்டாம், நம் நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று கேளுங்கள். கால் டீஸ்பூனை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சேர்த்து இடித்துப் பொடியாக்கி, அடுப்பை அணைக்கும்முன் போடுங்கள். தனியாக இடித்தால் உலக்கையில் ஒட்டிக்கொள்ளும். பைன் மரத்தின் குளிர்ச்சி போன்ற ஒரு வாசனை. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது சந்தேகம்.

இது சிறந்தது எப்போது: ஒரு ஞாயிறு மதியம் கையில் இருக்கிறது, பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும், சைவமாக வேண்டும்.

## ஜெலட்டினில் செய்வது

இணையத்தில் 'அரை மணி நேர டர்க்கிஷ் டிலைட்' என்று பார்ப்பது இது. பாகில் ஊறவைத்த ஜெலட்டினைக் கரைத்து ஊற்றினால் இரவில் உறைந்துவிடும். பளபளப்பும் துள்ளலும் அழகாக வரும். ஆனால் ஜெலட்டின் ஜெல்லி உடம்புச் சூட்டிலேயே உருகும் பொருள். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். மே மாதத்தில் மேசைமேல் கரைவதும் அதனால்தான். பள்ளிக்குக் கொடுத்தனுப்ப முடியாது. அசலின் மெல்லும் இழுவையும் இதில் இல்லை. ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போட்டால் சைவமாகும், வெயிலும் தாங்கும். ஆனால் நறுக்கென்று உடையும் நோன்புக் கடல்பாசியாகத்தான் இருக்கும், லொக்கும் ஆகாது.

ஏ.சி. அறையில், அன்றே சாப்பிட்டு முடிக்கும் விருந்துக்கு மட்டும் இது சரி.

## இன்றே வேண்டும் என்றால்: பம்பாய் அல்வா

கராச்சி அல்வா என்றும் சொல்வார்கள். இதுவும் கார்ன் ஃப்ளாரும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறியதுதான். நெய் சேர்வதால் பளபளப்பும் அழுத்தமும் கூடுகிறது. ஏலக்காயும் முந்திரியும் நம் பக்கச் சேர்க்கை. தெருமுனை இனிப்புக் கடையிலேயே கிடைக்கிற சொந்தக்கார இனிப்பு. திருநெல்வேலி அல்வாவை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அது கோதுமைப் பாலும் நெய்யும், அதன் குணமே வேறு. பம்பாய் அல்வாவைச் சின்னக் கட்டமாக வெட்டி, மேல் நெய்யைத் துடைத்து, ஐசிங் சுகரில் புரட்டினால் தோற்றமும் நெருங்கி வரும். ஆனால் இதுதான் அது என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அதன் உறவுக்காரர் என்று சொல்லுங்கள்; நிஜத்தைப் பிறகு ருசிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கே ஒன்று கிடைக்கும். ஜப்பானிய மொழிபெயர்ப்பில் இந்த மிட்டாயையே எடுத்துவிட்டு, அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த புட்டிங்கை வைத்தார்கள். அந்த அளவு போகத் தேவையில்லை.

## பிள்ளையின் வயதும் ருசியும்

நான்கு வயதுக்குக் கீழே முழுத் துண்டு வேண்டாம். மெல்லும் இனிப்பு தொண்டையில் அடைக்கும். கடலை அளவுக்கு வெட்டி, உட்கார வைத்துக் கொடுங்கள். பெரிய பிள்ளைக்கும் ஒரு தடவைக்கு இரண்டு துண்டு நிறைய, ஏனென்றால் இதில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

மேல்நாட்டில் இதை ருசித்துவிட்டு "சோப்பு போல இருக்கிறது" என்று சொல்பவர்கள் அதிகம், ரோஜா வாசனை அங்கே பலருக்குக் குளியலறையை நினைவூட்டுகிறது. ரோஸ் மில்க்கும் குல்கந்தும் தின்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. ரோஸ் மில்க் பிடிக்காத பிள்ளை என்றால் ரோஜாவை விட்டுவிட்டு எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடுங்கள். நாவல் எந்த வாசனையும் குறிப்பிடவில்லை என்பதால் கதைக்கும் குறைவில்லை.

எதைத் தேர்ந்தாலும், பரிமாறும்போது வட்ட டப்பா ஒன்றில் போட்டுப் பச்சை நாடா கட்டிக் கொடுங்கள். பழைய பிஸ்கட் டின் போதும். நாடா மட்டும் பச்சையாக இருக்கட்டும், படித்த பிள்ளை அதைத்தான் முதலில் பார்க்கும்.